பிழைக் குறிப்பு யாருக்காக?

(வட சென்னை ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சி ஒன்றில் மென்பொருள் பொறியாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"ஜாவா நிரல்களில் பிழைப் பதிவுகளின் வடிவத்தை மாற்றியமைத்தல்" என்று என் தலைப்பை அறிவித்ததும், தமிழாசிரியர்களும் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டீர்கள். இது கணினி ஆசிரியர்களுக்கு மட்டுமான பேச்சோ என்ற ஐயம் அந்தப் பார்வையில் இருந்தது. அப்படி இல்லை. பிழையைக் கண்டுபிடித்து, அதை எழுதி வைத்து, அந்த எழுத்தின் வழியாக இன்னொருவரைத் திருத்தம் செய்ய வைப்பது உங்கள் எல்லாருடைய அன்றாட வேலை. மென்பொருள் துறையில் நாங்களும் அதைத்தான் செய்கிறோம். நாங்கள் கற்றுக்கொண்ட சில வழிகளை உங்கள் முன் வைக்கிறேன். வகுப்பறைக்குப் பயன்படுவதை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

மரக்கட்டையில் தொடங்கிய சொல்

கணினி நிரல் ஓடும்போது நடப்பவற்றைத் தானே குறித்து வைக்கும் கோப்புக்கு 'லாக்' என்று பெயர். ராயபுரத்திலும் காசிமேட்டிலும் பணியாற்றும் உங்களுக்கு இந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று சொன்னால் பிடிக்கும். ஆங்கிலத்தில் லாக் என்றால் மரக்கட்டை. பாய்மரக் கப்பல் காலத்தில், சீரான இடைவெளியில் முடிச்சுகள் போட்ட கயிற்றின் நுனியில் ஒரு மரக்கட்டையைக் கட்டிக் கடலில் வீசுவார்கள். கட்டை நீரில் நிற்க, கப்பல் நகர நகரக் கயிறு ஓடும். சிறிய மணற்கடிகாரம் காலியாகும்வரை எத்தனை முடிச்சுகள் கையைக் கடந்தன என்று எண்ணினால் அதுவே கப்பலின் வேகம். இன்றும் கப்பல் வேகத்தை 'நாட்', அதாவது முடிச்சு என்ற கணக்கில் சொல்வது அதனால்தான். மரக்கட்டை சொன்ன வேகத்தை எழுதி வைத்த புத்தகம் 'லாக் புக்' ஆயிற்று. அந்தச் சொல்லைத்தான் கணினி கடன் வாங்கியது.

கப்பல் பதிவேட்டுக்குச் சில நியமங்கள் உண்டு. நேரம் முதலில் வரும், பிறகு கப்பல் இருக்கும் இடம், பிறகு நடந்தது. தவறாக எழுதிவிட்டால் சுரண்டி அழிக்கக் கூடாது. பழைய எழுத்து தெரியும்படி ஒற்றைக் கோடு போட்டுவிட்டுச் சரியானதை எழுத வேண்டும். அந்தப் பதிவேட்டைப் படிக்கப் போவது அடுத்த முறைக்கு வரும் அதிகாரியாக இருக்கலாம், விபத்துக்குப் பிறகு விசாரிக்க வருபவராகவும் இருக்கலாம். எழுதியவர் பக்கத்தில் நின்று விளக்கம் சொல்ல முடியாது. எனவே பதிவு தானாகவே பேச வேண்டும். நான் இன்று சொல்லப் போவது முழுவதும் இந்த ஒரு வாக்கியத்தின் விரிவுதான்.

ஜாவா தன் பிழையை எப்படி எழுதுகிறது?

ஜாவா 1995ஆம் ஆண்டு சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்திலிருந்து வெளிவந்த நிரல்மொழி. வங்கி, காப்பீடு, சரக்குப் போக்குவரத்து என்று பெரிய நிறுவனங்களின் பின்னணி வேலைகள் பலவற்றை இன்றும் அதுதான் செய்கிறது. நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போது எதிர்பாராத ஒன்று நடந்தால் ஜாவா ஓர் 'எக்செப்ஷன்' எழுப்பும். விதிவிலக்கான நிலை என்று பொருள்.

அப்போது எந்தச் செயற்கூறில் சிக்கல் வந்தது, அதை எந்தச் செயற்கூறு அழைத்தது, அதை எது அழைத்தது என்று தொடக்கம் வரைக்கும் ஒரு பட்டியல் அச்சாகும். இதற்கு 'ஸ்டாக் டிரேஸ்' என்று பெயர். 2002இல் வந்த ஜாவா 1.4 பதிப்பு இரண்டு வசதிகளைச் சேர்த்தது. ஒரு பிழைக்கு இன்னொரு பிழை காரணம் என்று சங்கிலியாகச் சொல்லும் முறை ஒன்று. பதிவு எழுதுவதற்கென்றே ஜாவாவுக்குள் அமைந்த நூலகம் மற்றொன்று.

பள்ளியிலிருந்தே ஓர் உதாரணம் சொல்கிறேன். ஒரு நாள் மதிய உணவு பரிமாறப்படவில்லை. ஜாவா எழுதினால் அந்தச் செய்தி இப்படி இருக்கும்:

எக்செப்ஷன்: மதிய உணவு பரிமாற இயலவில்லை
– பள்ளி: பரிமாறுதல்
– பள்ளி: மதிய இடைவேளை
– பள்ளி: நாள் தொடக்கம்
காரணம்: சாதம் தயாராகவில்லை
– சமையலறை: சாதம் வடித்தல்
– … இன்னும் 3
காரணம்: கேஸ் சிலிண்டர் காலி
– சமையலறை: அடுப்பு பற்றவைத்தல்
– … இன்னும் 4

'இன்னும் 3' என்றால் எதையோ மறைத்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அந்த 3 வரிகளும் மேலேயே வந்துவிட்டன, திரும்ப எழுத வேண்டாம் என்றுதான் அதற்குப் பொருள்.

இப்போது வரிசையைப் பாருங்கள். முதலில் விளைவு, கடைசியில் காரணம். இங்கே மொத்தமே பத்து வரிக்குள் இருப்பதால் 'சிலிண்டர் காலி' உடனே கண்ணில் படுகிறது. உண்மையான ஜாவா நிரலில், நாம் எழுதிய செயற்கூறுகளோடு அடுத்தவர் எழுதிய நூலகங்களின் செயற்கூறுகளும் பட்டியலில் வரும். நம்முடைய வரி நான்கு, மற்றவர்களுடையது நூற்றுக்கு மேல் என்பது அன்றாடக் காட்சி. சிலிண்டரைக் கண்டுபிடிக்க, பாத்திரம் செய்த கம்பெனியிலிருந்து அரிசி வந்த மில் வரைக்கும் எல்லார் பெயரையும் படித்துக்கொண்டே கீழே போக வேண்டியிருக்கும்.

இரவு 2 மணிக்கு யார் படிக்கிறார்கள்?

நான் திருவொற்றியூரில் வளர்ந்தவன். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள், பள்ளிக்கு வரும் வழியில் அதில் மாட்டியும் இருப்பீர்கள். சென்னைத் துறைமுகத்துக்கும் எண்ணூரில் உள்ள துறைமுகங்களுக்கும் போய்வரும் வண்டிகள் அவை. இந்தப் பக்கத்திலுள்ள சரக்குப் பெட்டக முனையம் ஒன்றின் வாயில் மென்பொருளைச் சீர்செய்யும் பணி சில ஆண்டுகளுக்கு முன் எனக்கு வந்தது.

அங்கே வாயிலில் ஒரு லாரிக்கு அனுமதி கிடைக்காமல் போனால், பின்னால் உள்ள வண்டிகள் எல்லாம் நிற்கும். இரவுப் பணியில் இருந்தவர் எர்ணாவூர்ப் பையன். அரசுப் பள்ளியில் படித்து, பட்டயப் படிப்பு முடித்து வந்தவர். திரையில் பிழை வந்தால் பதிவுக் கோப்பைத் திறந்து பார்ப்பார். ஒரு லாரி சிக்கினால் நூற்றைம்பது வரிக்கு மேல் ஆங்கிலம். ஓட்டுநர் மறுபடியும் முயன்றால் இன்னொரு நூற்றைம்பது. அதோடு, நிரலின் மூன்று அடுக்குகளும் அதே பிழையைத் தனித்தனியாக எழுதி வைத்துவிட்டு மேலே அனுப்பியதால், ஒரே பிழை மூன்று பிழைகளைப் போலத் தெரிந்தது. கண்ணை இடுக்கிக்கொண்டு படிப்பார், புரியாது. மேலாளரைத் தூக்கத்திலிருந்து எழுப்புவார், இல்லையென்றால் கணினியை அணைத்துப் போடுவார். கீழே ஓட்டுநர்கள் ஸ்டீயரிங் மேல் தலைவைத்துக் காத்திருப்பார்கள்.

மூல காரணம் பெரும்பாலும் மிகச் சிறியதாக இருந்தது. எடை மேடையிலிருந்து வரும் தகவலில் சில சமயம் வண்டி எண் காலியாக வந்தது. அதைக் கையால் தட்டச்சு செய்துவிட்டால் லாரி நகர்ந்துவிடும். அந்த ஒரு செய்தி கோப்பின் அடியில், படிக்க யாருக்கும் பொறுமை இல்லாத இடத்தில் கிடந்தது.

நிரலின் தர்க்கத்தைத் தொடுவதற்கு முன் பதிவின் வடிவத்தை மாற்றினோம். மாற்றிய பிறகு அதே பிழை ஏறத்தாழ இப்படித் தெரிந்தது. எண்கள் மாதிரிக்காக:

02:14:07 | பிழை | வாயில் 2 | நுழைவு எண் 4471
மூல காரணம்: எடை மேடைப் பதிவில் வண்டி எண் காலி
– எடை மேடை வாசிப்பு, வரி 88
அதனால்: எடைச் சீட்டு உருவாகவில்லை
– எடைச் சீட்டு, வரி 41
அதனால்: வாயில் அனுமதி தர இயலவில்லை
– வாயில் அனுமதி, வரி 19
(வெளி நூலக வரிகள் 146 மறைக்கப்பட்டன. முழு விவரம் தனிக் கோப்பில்)

அந்தத் தம்பிக்கு யாரும் ஜாவா சொல்லித்தரவில்லை. இரண்டாவது வரியைப் படித்தார், வண்டி எண்ணைத் தட்டினார், தடுப்புக் கம்பி உயர்ந்தது.

செய்த மாற்றங்கள்

கணினி ஆசிரியர்களுக்காக இதைச் சற்று விளக்குகிறேன். ஜாவாவில் பதிவு எழுத 'லாக்பேக்', 'லாக்4ஜே 2' என்ற இரண்டு நூலகங்கள் பரவலாகப் பயன்படுகின்றன. இரண்டிலும் ஒவ்வொரு பதிவு வரியும் எப்படி அமைய வேண்டும் என்று ஓர் அமைப்புக் கோப்பில் மாதிரி எழுதித் தரலாம். சதவீதக் குறியோடு தொடங்கும் சிறு சொற்கள் அந்த மாதிரியில் வரும். நேரத்துக்கு ஒன்று, பிழையின் தரத்துக்கு ஒன்று, செய்திக்கு ஒன்று, எக்செப்ஷனுக்கு ஒன்று. நாம் எதுவும் குறிப்பிடாவிட்டாலும் எக்செப்ஷன் முழுவதையும் வரியின் முடிவில் அவை தாமாகவே சேர்த்துவிடும். பெரும்பாலான நிறுவனங்கள் அப்படியே விட்டுவிடுகின்றன.

முதல் மாற்றம், மூல காரணத்தை மேலே கொண்டுவருவது. 'ரூட் எக்செப்ஷன்' என்ற வகையைக் கேட்டால் சங்கிலி தலைகீழாகும். சிலிண்டர் முதல் வரிக்கு வரும்.

இரண்டாவது, வெளியார் வரிகளைச் சுருக்குவது. எந்தெந்தத் தொகுப்புகளின் வரிகள் வேண்டாம் என்று பட்டியல் கொடுக்கலாம், எத்தனை வரி ஆழம் போதும் என்றும் சொல்லலாம். விடுபட்ட இடத்தில் இத்தனை வரிகள் தவிர்க்கப்பட்டன என்று நூலகமே எண்ணிக்கை எழுதும். அந்த எண்ணிக்கை அவசியம். சுருக்கியிருக்கிறோம் என்பதைப் படிப்பவர் அறிந்திருக்க வேண்டும்.

மூன்றாவது, சூழல். எந்த வாயில், எந்த நுழைவு எண் என்பவை ஒவ்வொரு வரியிலும் தாமே ஒட்டிக்கொள்ளும்படி செய்தோம். அப்போதுதான் ஒரே நேரத்தில் நான்கு வாயில்களில் நடப்பவை ஒன்றோடொன்று கலக்காது. நேரத்தையும் கவனிக்க வேண்டும். பல கணினிகள் உலகப் பொது நேரத்தில் எழுதும். அது நம் கடிகாரத்துக்கு 5 மணி 30 நிமிடம் பின்னால் இருக்கும். எடை மேடை நம் நேரத்திலும் மென்பொருள் உலக நேரத்திலும் எழுதினால், ஒரே லாரி இரண்டு வேறு இரவுகளில் வந்ததாகத் தோன்றும்.

நான்காவது, ஒரு பிழையை ஒரே இடத்தில் எழுதுவது. பிழையைக் கையாளும் அடுக்கு எதுவோ அது மட்டும் எழுதட்டும். மற்ற அடுக்குகள் தமக்குத் தெரிந்த விவரத்தைச் சேர்த்து மேலே அனுப்பட்டும். ஆனால் காரணத்தைக் கூடவே அனுப்ப வேண்டும். 'சாதம் தயாராகவில்லை' என்று புதிதாக எழுதிவிட்டு, 'சிலிண்டர் காலி' என்ற பழைய செய்தியை இணைக்க மறந்துவிட்டால், பிறகு எந்த வடிவமைப்பாலும் அதை மீட்க முடியாது.

ஐந்தாவது, இரண்டு வாசகர்களுக்கு இரண்டு வடிவங்கள். பணியில் இருப்பவருக்குச் சுருக்கம், மென்பொருளைத் திருத்தும் பொறியாளருக்கு முழு விவரம். தேடும் கருவிகளுக்கு ஒரு பிழை ஒரே வரியில் இருந்தால்தான் வசதி. நூறு வரியாகச் சிதறினால், அவை ஒவ்வொன்றையும் தனிச் செய்தியாக அந்தக் கருவிகள் எண்ணிவிடும். ஆகவே வரிகளுக்கு நடுவே ஒரு செங்குத்துக் கோடு வைத்து ஒட்டி எழுதினோம்.

செய்தியில் பெயர் வேண்டும்

வடிவம் எவ்வளவு அழகாக இருந்தாலும் உள்ளே சொல்ல ஒன்றும் இல்லை என்றால் பயனில்லை. ஜாவாக்காரர்கள் மிக அதிகமாகச் சந்திக்கும் பிழை 'நல் பாயின்டர் எக்செப்ஷன்'. மதிப்பு இருக்க வேண்டிய மாறியில் ஒன்றும் இல்லை என்று பொருள். இந்த 'வெறுமைக் குறி' 1965இல் டோனி ஹோர் என்ற கணினி அறிஞர் அறிமுகப்படுத்தியது. அதைத் தன்னுடைய நூறு கோடி டாலர் தவறு என்று 2009இல் அவரே சொன்னார்.

ஜாவா நெடுங்காலம் இந்தப் பிழையின் பெயரையும் வரி எண்ணையும் மட்டும் சொல்லிவந்தது. ஒரு வரியில் நான்கு மாறிகள் இருந்தால் எது காலி என்று தெரியாது. சாப் நிறுவனம் தன் சொந்த ஜாவா இயந்திரத்தில் எது காலி என்று பெயர் சொல்லும் வசதியை 2006இலேயே செய்திருந்தது. 2020 மார்ச்சில் வந்த ஜாவா 14 அதைப் பொதுவான ஜாவாவில் சேர்த்தது. அடுத்த பதிப்பான 15இல், யாரும் கேட்காமலே அது இயங்கத் தொடங்கியது. ஒரு பிழைச் செய்தியில் ஒரு பெயரைச் சேர்க்க இத்தனை ஆண்டு உழைப்பு. அந்த ஒரு பெயர் மிச்சப்படுத்தும் நேரம் அவ்வளவு.

இன்னொரு விந்தை. ஒரே பிழை ஆயிரக்கணக்கில் திரும்பத் திரும்ப வந்தால், வேகம் குறையாமல் இருக்க ஜாவா இயந்திரம் ஒரு கட்டத்தில் ஸ்டாக் டிரேஸ் இல்லாமல் பெயரை மட்டும் எழுதத் தொடங்கிவிடும். பதிவின் இன்றைய பக்கத்தைப் பார்ப்பவருக்கு ஒன்றும் புரியாது. பல பக்கம் பின்னால் போய், அந்தப் பிழை முதன்முதலில் வந்த இடத்தைத் தேட வேண்டும். இது வகுப்பறைக்கும் பொருந்தும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. "மறுபடியும் அதே தப்பா?" என்று கேட்கும்போது நாம் விவரம் தருவதை நிறுத்தியிருப்போம். முதல் முறை சொன்ன விளக்கம் பிள்ளைக்கு நினைவில் இருக்காது.

எழுதக் கூடாதவை

எல்லாவற்றையும் எழுதி வைப்பதும் ஆபத்து. 2018 மே மாதம் ட்விட்டர் நிறுவனம் தன் 33 கோடிப் பயனர்களையும் கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டது. கடவுச்சொற்கள் மறைகுறியாக மாற்றப்படுவதற்கு முன்பே ஓர் உள் பதிவுக் கோப்பில் அப்படியே எழுதப்பட்டிருந்ததுதான் காரணம். யாரும் திருடவில்லை, நிரல்தான் ஒழுங்காக எழுதி வைத்திருந்தது.

2021 டிசம்பரில் இன்னும் பெரியது நடந்தது. நான் முன்பு சொன்ன லாக்4ஜே 2 நூலகத்தில், பதிவு செய்யப்படும் செய்திக்குள் குறிப்பிட்ட வடிவில் ஒரு தொடர் இருந்தால், அதை வெறும் எழுத்தாகப் பார்க்காமல் கட்டளையாக எடுத்துக்கொண்டு வெளியே உள்ள கணினியைத் தொடர்புகொள்ளும் வழக்கம் இருந்தது. வசதிக்காகச் செய்த ஏற்பாடு. வெளியாள் ஒருவர் தன் பெயர் கேட்கும் பெட்டியில் அந்தத் தொடரைத் தட்டினால் போதும், பதிவு எழுதும் நிரலே கதவைத் திறந்துவிடும். அலிபாபா நிறுவனத்தின் பாதுகாப்புக் குழு நவம்பர் 24 அன்று இதை அப்பாச்சி அமைப்புக்குத் தெரிவித்தது. டிசம்பர் 9 அன்று உலகம் அறிந்தது. 'லாக்4ஷெல்' என்று பெயர் பெற்ற இந்தக் குறைக்கு ஆபத்தின் அளவுகோலில் 10க்கு 10 கொடுத்தார்கள். அந்த வாரம் முழுவதும் உலகெங்கும் பொறியாளர்கள் தூங்கவில்லை. இப்போதைய பதிப்புகளில் அந்த வழி மூடப்பட்டுவிட்டது.

இவற்றிலிருந்து இரண்டு விதிகள் எடுத்துக்கொள்கிறோம். வெளியிலிருந்து வரும் எழுத்தை எழுத்தாக மட்டும் பதிவு செய்ய வேண்டும். அதற்குள் வரி முறிக்கும் குறி இருந்தால் அதையும் நீக்க வேண்டும், இல்லையென்றால் வருகைப் பதிவேட்டில் யாரோ நடுவில் ஒரு வரி செருகியது போல் பொய்ப் பதிவு உண்டாகும். இரண்டாவது, ஆளை அடையாளம் காட்டும் விவரம் பிழைப் பதிவுக்குத் தேவையில்லை. 4471 என்ற நுழைவு எண் போதும், ஓட்டுநரின் கைப்பேசி எண் வேண்டாம். 2023இல் இயற்றப்பட்ட எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பிள்ளைகளின் தரவைக் கூடுதல் கவனத்தோடு கையாளச் சொல்கிறது. செயலியில் பிழை வந்தால் திரையைப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடும் பழக்கம் நம் எல்லாரிடமும் இருக்கிறது. போடுவதற்கு முன், அந்தப் படத்தில் பிள்ளையின் ஆதார் எண்ணோ பெற்றோரின் தொலைபேசி எண்ணோ தெரிகிறதா என்று ஒரு முறை பாருங்கள்.

வகுப்பறைக்கு

நம் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியலில் பைத்தான் இருக்கிறது. பிள்ளைகள் ஆய்வகத்தில் நிரலை ஓட்டியதும் பிழை வந்தால் என்ன செய்கிறார்கள்? படிக்காமலே சன்னலை மூடிவிட்டு, "மிஸ், எரர் வருது" என்கிறார்கள். ஆங்கிலத்தில் ஏழெட்டு வரி கண்டதும் பயம். அவர்களுக்கு ஒரே ஒரு விஷயம் சொல்லிக் கொடுங்கள்: பைத்தான் பிழைச் செய்தியைக் கீழிருந்து மேலே படிக்க வேண்டும். கடைசி வரியில் பிழையின் பெயர், அதற்கு மேல் அது நடந்த இடம். ஜாவா இதற்கு நேர்மாறு. பிழையின் பெயர் முதல் வரியில், நடந்த இடம் அதன் கீழே. பிழைகள் சங்கிலியாக வரும்போதும் பைத்தான் மூல காரணத்தை முதலில் எழுதும், ஜாவா கடைசியில் எழுதும். நாளை ஜாவா வேலைக்குப் போகும் பிள்ளைக்கு இந்த வேறுபாடு தெரிந்திருந்தால் முதல் நாளே பாதிப் பயம் போய்விடும்.

வாரம் ஒரு பாடவேளை, வேண்டுமென்றே பிழையான நிரல் ஒன்றைக் கொடுங்கள். திருத்தச் சொல்ல வேண்டாம். பிழைச் செய்தியை மூன்று வரித் தமிழில் எழுதச் சொல்லுங்கள்: எங்கே, என்ன, எதனால். எழுதியதைப் பக்கத்து மாணவரிடம் கொடுத்து, அதை மட்டும் படித்து நிரலைத் திருத்தச் சொல்லுங்கள். அவரால் முடிந்தால் குறிப்பு நல்ல குறிப்பு. முடியாவிட்டால் எழுதியவர் எதைச் சேர்த்திருக்க வேண்டும் என்று இருவரும் பேசட்டும்.

மற்ற ஆசிரியர்களுக்கும் சொல்ல ஒன்று இருக்கிறது. மூன்றாம் வகுப்புக் குழந்தை 52இல் 27ஐக் கழித்து 35 என்று எழுதியிருக்கிறது. சிவப்பு மையில் பெருக்கல் குறி போடலாம். அது பெயர் சொல்லாத நல் பாயின்டர் எக்செப்ஷன். "கவனமாகப் போடு" என்று எழுதலாம். அது விளைவை மட்டும் சொல்லும் முதல் வரி. குழந்தை எப்படி 35க்கு வந்தது என்று பாருங்கள். ஒன்றின் இடத்தில் 2இலிருந்து 7 போகாது என்பதால், திருப்பிப் போட்டு 7இலிருந்து 2ஐக் கழித்து 5 எழுதியிருக்கிறது. கடன் வாங்கவில்லை. "ஒன்றின் இடத்தில் மேலே 2, கீழே 7. பத்திலிருந்து கடன் வாங்கு" என்று எழுதினால் மூல காரணம் முதல் வரிக்கு வந்துவிட்டது. அந்தக் குழந்தை வீட்டில் தனியாக உட்கார்ந்து, நீங்கள் பக்கத்தில் இல்லாமலே அதைத் திருத்திக்கொள்ளும்.

கட்டுரை திருத்தும் தமிழாசிரியருக்கும் இதே கணக்குத்தான். ஒரே பக்கத்தில் நாற்பது சிவப்புக் கோடுகள் இருந்தால் அது நூற்றைம்பது வரி ஸ்டாக் டிரேஸ். ஒற்று மிகும் இடம் தெரியாததுதான் அவற்றில் முப்பதுக்குக் காரணம் என்றால், மேலே அந்த ஒரு வரியை எழுதிவிட்டு மூன்று இடங்களை மட்டும் காட்டுங்கள். மீதியைப் பிள்ளையே தேடட்டும். குறையை மறைத்ததாக ஆகாது, இன்னும் இத்தனை இடம் இருக்கிறது என்று எண்ணிக்கை சொல்லிவிட்டால் போதும்.

ஒரு பிழைக் குறிப்பை எழுதி முடித்ததும் நாங்கள் மூன்று கேள்விகள் கேட்டுப் பார்ப்போம். இதைப் படிக்கப் போவது யார்? அவரால் செய்யக்கூடியது எது? அதைச் செய்யத் தேவையான வரி முதலில் வந்திருக்கிறதா? நம் பகுதிப் பிள்ளைகள் பலர் துறைமுகத்திலும் கிடங்குகளிலும் ஆலைகளிலும் கணினித் திரைக்கு முன்னால் உட்காரப் போகிறவர்கள். அந்தத் திரையில் வரும் பிழை அவர்களை அவமானப்படுத்த வந்தது இல்லை, படித்தால் வழி சொல்லும் என்ற நம்பிக்கை அவர்களுக்கு நம் பள்ளிகளில்தான் உண்டாக வேண்டும். அதற்கு, பள்ளியில் அவர்கள் முதன்முதலில் சந்திக்கும் பிழைக் குறிப்பு, உங்கள் கையெழுத்தில் வருவது, படிக்கும்படி இருந்தால் போதும்.

நாளைக்கு நோட்டுத் திருத்தும்போது ஒரு வகுப்பில், ஒரே ஒரு கணக்குக்கு, இந்த முறையைச் செய்து பாருங்கள். அடுத்த சந்திப்பில் என்ன ஆயிற்று என்று நீங்கள் சொல்லுங்கள், நான் கேட்கிறேன்.